விடியப்புறம் மட்டும் வெடிக்காத துவக்கு: முழுதாகக் கழற்றித் துடைப்பது எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

படுவான்கரை வாடி:

தெரிந்த அண்ணன்மார் கொஞ்சம் உதவுங்கள்.

எங்களிடம் ஒரு 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் போன பிறகு லைசன்ஸை என் பெயருக்கு எடுத்து மூன்று வருடம். வீடு களுவாஞ்சிகுடியில், கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு வளவுதான். வயல் வெல்லாவெளிப் பக்கம். வேளாண்மை குடலைக்கு வரும் காலத்தில், அதாவது கதிர் தண்டுக்குள் திரளும்போது, பன்றி இறங்கும், அப்போது பட்டிருப்புப் பாலம் தாண்டித் துவக்கைக் கொண்டுபோய் வாடியில் காவலிருப்பேன். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தோட்டாவுக்கு மேல் செலவாகாது.

பராமரிப்பில் குறை வைப்பதில்லை. வெடி வைத்த அன்றே குழலுக்குள் துணி விட்டு இழுத்து, எண்ணெய் பூசித்தான் வைக்கிறேன். இருந்தும் இந்த மார்கழியில் இருந்து ஒரு கோளாறு. விடியப்புறம் நாலரை மணிக்கு விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஒரு கிழமைக்குள் மூன்று தரம் இப்படி. அதே தோட்டாவைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தேன், முதல் அடியிலேயே வெடித்தது.

மாமா சொல்கிறார், முழுதாகக் கழற்றிக் கழுவாத குறையாம். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பிஸ்டலை ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறை அக்கக்காகக் கழற்றச் சொல்கிறார். அந்தக் கணக்குப்படி என் துவக்கை என் பேரன்தான் கழற்ற வேண்டிவரும். உண்மையில் எத்தனை காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

சம்மாந்துறைக் காக்கா:

தம்பி, துவக்கில் பிழை இருக்காது, தோட்டாவைப் பாருங்கள். வாடியில் எங்கே வைக்கிறீர்கள்? நான் ஒரு மாரியில் தோட்டாவைக் கிடுகு இறப்பில் சொருகி வைத்துவிட்டு, பன்றி வந்த நேரம் வெட்கப்பட்டுப்போனேன். பிளாஸ்டிக் தோட்டா என்றாலும் பித்தளை விளிம்பு பச்சை பிடித்திருந்தால் அதை நம்பக் கூடாது. மூடி இறுக்கமான ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வையுங்கள்.

கல்முனை ரைடர்:

டபிள்யூ.டி. 40 அடியுங்கள் ப்ரோ. எல்லா ஓட்டையிலும் நல்லா அடிச்சு விடுங்க. நான் பைக் செயினுக்கு அதுதான்.

பழைய ஆமரிக்காரன்:

பைக் செயினும் துவக்கும் ஒன்றல்ல மகன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் ஆயுதக் களஞ்சியத்தில்தான் வேலை. முதலில் வாடித் தம்பிக்கு ஒரு ஏச்சு. வெடிக்காத தோட்டாவைத் திரும்பவும் போட்டுப் பார்க்கிற வேலையை இன்றோடு விடுங்கள். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். மருந்து பிந்திப் பற்றுவது உண்டு. நீங்கள் உடனே குழலை முறித்து, அதாவது மடக்கித் திறந்து, முகத்துக்கு நேரே பிடித்திருந்தால் இன்று எங்களிடம் கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள்.

இப்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கெப் என்றால் தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கிற சின்ன மூடி, வெடித்த கெப்பில் விழுந்த பள்ளத்தையும் வெடிக்காததில் விழுந்த பள்ளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே ஆழமா? இரண்டு, துவக்கை எதில் போட்டு எங்கே வைக்கிறீர்கள்? மூன்று, ‘எண்ணெய் பூசி’ என்றீர்களே, என்ன எண்ணெய்?

படுவான்கரை வாடி:

ஐயா, ஏச்சு வாங்கிக்கொண்டேன். இனி அப்படிச் செய்யமாட்டேன்.

மிஞ்சியிருந்த ஒரு வெடிக்காத தோட்டாவை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வெடித்ததில் பள்ளம் நல்ல ஆழம், மிளகு ஒன்றை வைத்தால் உட்காரும். மற்றதில் நகத்தால் குத்தியது போல ஒரு அடையாளம், அவ்வளவுதான். காக்கா, தோட்டா பெட்டியோடு டின்னுக்குள்தான் இருக்கிறது, பித்தளையும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

துவக்கு கென்வஸ் உறைக்குள், அலுமாரியில் பூட்டு. எண்ணெய் தேங்காய் எண்ணெய். அப்பா காலத்தில் இருந்தே அதுதான். பொறிக்குள்ளும் நாலு சொட்டு விடுவார், நானும் விடுகிறேன்.

பழைய ஆமரிக்காரன்:

பிடிபட்டது.

தம்பி, குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். மார்கழி தையில் விடியப்புறம் அது எப்படி இருக்கும்? வெள்ளையாகக் கட்டி பிடித்து, கரண்டிக் காம்பால் குத்தி எடுப்பீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே போனால் உறையும். வெளிவாடியில், பனி விழுகிற நேரம், இரும்பு இன்னும் குளிர்ந்திருக்கும். நீங்கள் விட்ட நாலு சொட்டும், அப்பா வருடக்கணக்கில் விட்ட நாலு நாலு சொட்டும், அடிஊசி ஓடுகிற ஓட்டைக்குள் மெழுகாக நிற்கிறது. குதிரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியல், விழுந்து ஊசியை அடிக்கிறது, ஊசி அந்த மெழுகுக்குள்ளால் மெல்லப் போகிறது, கெப்பைத் தொடும்போது வேகம் இல்லை. பகலில் வெயில் பட்டதும் எண்ணெய் இளகுகிறது, ஊசி ஓடுகிறது. அதுதான் நகக்குத்தும் மிளகுப் பள்ளமும்.

உறையாவிட்டாலும் சாப்பாட்டு எண்ணெய் எதுவும் இரும்புக்கு ஆகாது. காற்றுப் பட்டுப் பட்டுக் காறி, பிசினாகி, தூசியைப் பிடித்து வைக்கும்.

செய்ய வேண்டியது இது. குழலை முறித்துத் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வரும். குழல் வந்து மூடுகிற தட்டையான முகத்தில் சின்ன ஓட்டை தெரியும், ஊசி எட்டிப் பார்ப்பது அதனால்தான். அந்த முகத்தைக் கீழே பார்க்கப் பிடித்து, குதிரையை விரலால் இழுத்து, பின்பக்கத்தால் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெருவிரலைக் குதிரையில் இருந்து எடுக்க வேண்டாம். நெருப்புக் குச்சியால் ஊசியைப் பின்னாலிருந்து தள்ளுங்கள். உடனே துள்ளித் திரும்பி வர வேண்டும், மெல்ல வந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. மண்ணெண்ணெய் நிறமில்லாமல் வடியும் வரை திரும்பத் திரும்ப. மறுகா ஒரு இரவு வடிய விட்டு, துணியால் ஈரம் எடுத்துவிடுங்கள். ஊசி ஓட்டைக்குள் திரும்ப எண்ணெய் விடவே வேண்டாம். விட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் குண்டூசி முனையில் தொட்டு.

ஸ்குரூவைக் கழற்றப் போகாதீர்கள். வாய் பொருந்தாத திருப்புளியால் தலையைச் சிதைத்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்தவன் நான். இதற்குப் பிறகும் ஊசி ஓடாவிட்டால் துவக்குத் திருத்த அனுமதி உள்ள ஆளிடம், லைசன்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோங்கள்.

கல்முனைத் தம்பி, டபிள்யூ.டி. 40 என்பது தண்ணீரைத் தள்ளச் செய்த சாமான். மழையில் நனைந்த துவக்கில் ஈரத்தை விரட்ட அடிக்கலாம். ஆனால் அடித்துவிட்டு அப்படியே மாதக்கணக்கில் வைத்தால் மெல்லிய படலமாகக் காய்ந்து நிற்கும். எல்லா ஓட்டையிலும் அடித்தால் கட்டைக்குள்ளும் இறங்கும். எண்ணெய் குடித்த கட்டை உளுத்த கட்டை மாதிரி மென்மையாகிவிடும்.

கல்முனை ரைடர்:

சரி அங்கிள் 😅

திருக்கோவில்–சூரிச்:

நான் திருக்கோவில், இப்போது சுவிஸில். இங்கே ஒரு சுடும் கழகத்தில் நாலு வருடமாகப் பிஸ்டல் சுடுகிறேன். பழகியது சிக் பி220-இல். 1975-இல் சுவிஸ் இராணுவம் எடுத்ததால் இங்கே அதைப் பிஸ்டல் 75 என்றுதான் சொல்வார்கள்.

அந்த வெள்ளைக்காரரின் ஆயிரம் ரவுண்டுக் கணக்கு பிழையில்லை, ஆனால் அது வேறு சாமானுக்கு. செமி ஓட்டோ பிஸ்டலில் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்லைட் பின்னால் ஓடி, கோதை எறிந்து, அடுத்த ரவுண்டை ஏற்றும். கரியும் புகையும் குழலோடு நிற்காமல் உள்ளே எல்லா இடமும் போகும். எனவே சுட்ட ஒவ்வொரு நாளும் மகசினைக் கழற்றி, குழலில் ரவுண்டு நிற்கிற சேம்பரைப் பார்த்து, ஸ்லைட், குழல், ஸ்பிரிங், பிடிச் சட்டம் என்று பிரித்துத் துடைப்போம். பத்துப் பதினைந்து நிமிட வேலை. அடிஊசி, கோதை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர், மகசினின் உள் ஸ்பிரிங் என்று முழுதாகக் கழற்றுவது வேறு. எங்கள் கழகத்தில் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் செய்கிறார்கள், குறைவாகச் சுடுபவர்கள் வருடத்துக்கு ஒருதரம். ஐயாயிரம் வரை தொடாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய பிஸ்டலும் வெடிக்கத்தான் செய்கிறது. ஒருவரிடம் கேட்டால் மற்றவரைத் திட்டுவார். என் கண்ணில், அளவுக்கு மீறிக் கழற்றுவதாலும் கேடு உண்டு, சின்னப் பின்கள் தேய்ந்து தளர்ந்துபோகும்.

ஐயா சொன்னதைத்தான் இங்கேயும் முதல் நாள் சொல்லித் தந்தார்கள்: ஊசி ஓடும் வழி காய்ந்திருக்க வேண்டும். குளொக் பிஸ்டலின் கைநூலிலேயே அங்கே எண்ணெய் விடாதே என்று இருக்கிறது. காரணம் அதேதான், எண்ணெய் கரியைப் பிடித்துச் சேறாகும், ஊசி மெல்லப் போகும்.

இன்னொன்று மச்சான். துடைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. ஈயத்தூள் அது. பிள்ளைகள் தவழுகிற இடத்தில் பிரித்துப் போடவும் கூடாது.

படுவான்கரை வாடி:

விளங்குகிறது மச்சான். அப்படியென்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு வெடி வைக்கிற எனக்கு என்ன கணக்கு?

பழைய ஆமரிக்காரன்:

உங்களுக்கு வெடிக் கணக்கே தேவையில்லை, உப்புக் காற்றுக் கணக்குத்தான். முறிக்கிற துவக்கில் பிஸ்டல் போல ஓடுகிற உறுப்பு இல்லை, கரி குழலோடு நின்றுவிடும். உங்களுடைய எதிரி கறள், அதுதான் துரு.

வெடி வைத்த அன்று குழலுக்குப் பித்தளைப் பிரஷ், பிறகு காய்ந்த துணி, பிறகு எண்ணெய் தொட்ட துணி. இப்போது வரும் தோட்டாவில் பிளாஸ்டிக் அடைப்பு இருப்பதால் குழலுக்குள் நீட்டு நீட்டாகப் பிளாஸ்டிக் ஒட்டும். வெறும் துணி அதை எடுக்காது, பிரஷ்தான் வேண்டும். எங்கள் பழைய ஆட்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவார்கள். அந்தக் காலத்துக் கெப் மருந்து வெடித்தால் உப்பு மிஞ்சும், உப்பு ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் உப்பு கரையாது. அதனால் தண்ணீர். இப்போதைய தோட்டாவுக்கு அது தேவைப்படாது.

வெடி வைக்காவிட்டாலும் மாதம் ஒருதரம் வெளியே எடுத்து, தொட்ட இடமெல்லாம் துடையுங்கள். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் ரேகையாகவே கறள் ஏறும். நீங்கள் கடற்கரைக்காரர், கச்சான் என்கிற வரண்ட காற்று வீசுகிற காலம் தவிர மற்றக் காலமெல்லாம் மாதம் இரண்டு தரம் என்றாலும் தப்பில்லை.

முழு வேலை வருடத்துக்கு ஒருதரம் போதும். ஐப்பசியில் செய்யுங்கள், பெரும்போக விதைப்புக்கும் மழைக்கும் முன்னால். லைசன்ஸ் புதுப்பிக்கக் கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் ஓடுகிற காலமும் அதுதானே, மறக்காது. துவக்கு ஒருநாள் மழையில் தெப்பமாக நனைந்தாலோ, வாய்க்காலில் விழுந்தாலோ மாதம் பார்க்க வேண்டாம், அன்றிரவே.

கென்வஸ் உறையைப் பயணத்துக்கு மட்டும் வைத்திருங்கள். அது கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, ஈரச் சாரம் சுற்றியது போல இரும்பைப் பொத்தி வைக்கும். அலுமாரியில் வெறுமனே, குழல் வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள், மிஞ்சிய எண்ணெய் கட்டைப் பக்கம் வடியாது.

சம்மாந்துறைக் காக்கா:

நானும் தேங்காய் எண்ணெய்க் கட்சிதான். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று எழுத வந்தேன். பிறகு யோசித்தேன், நான் காவலுக்குப் போவது இரவு எட்டுக்கு, பன்னிரண்டுக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவேன். விடியப்புறம் வெடி வைத்ததே இல்லை.

படுவான்கரை வாடி:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் வேலை நடந்தது. முதலில் வந்தது மஞ்சளும் கறுப்புமாக, பீடாத் துப்பல் மாதிரி. நெருப்புக் குச்சியால் தள்ளியபோது ஊசி போன இடத்திலேயே நின்றுவிட்டது, திரும்பி வர மூன்று நாலு எண்ணலாம். பதினொரு தரம் கழுவிய பிறகுதான் ‘டக்’ என்று துள்ளியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நேற்று விடியப்புறம் நாலே முக்காலுக்கு வரம்போரம் பன்றி இறங்கியது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. வெடித்தது. பன்றியும் ஓடிவிட்டது, வயற்கண்டத்துக்குப் பொறுப்பான வட்டவிதானையார் பக்கத்து வாடியில் இருந்து கூவி ஆர் என்று கேட்டார்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. முன்கட்டையைக் கழற்றியபோது அதன் அடியில், குழலில், ஐம்பது சதக் குற்றி அளவுக்குக் கறள். வெளியில் பார்த்தால் தெரியாது. என்ன செய்ய?

பழைய ஆமரிக்காரன்:

அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் அங்கே பிடிக்கும். மண்கடதாசி போடாதீர்கள், நீல மெருகு போய்விடும். மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு மிக மெல்லிய இரும்புப் பஞ்சால், கை அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் தேயுங்கள். செம்மண் நிறம் துணியில் வந்துகொண்டிருக்கும், அது நிற்கும்வரை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பயமில்லை. குழி தட்டுப்பட்டால் வெடி வைக்காமல் திருத்துகிறவரிடம் காட்டுங்கள்.

படுவான்கரை வாடி:

குழி இல்லை ஐயா. நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. உறையைக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன், ஒரு இரவு வெளியே கிடந்ததற்கே பிழிந்தால் சொட்டும் போல இருக்கிறது.

சம்மாந்துறைக் காக்கா:

தம்பி, அந்த மெஷின் எண்ணெய் களுவாஞ்சிகுடியில் எந்தக் கடையில் வாங்கினீர்கள்? இங்கே தையல்காரப் பிள்ளையிடம் கேட்டேன், அரைப் போத்தல்தான் இருக்கு, தரமாட்டேன் என்கிறாள்.