தகவல் சொல்ல வந்தவரை எப்படி வரவேற்கிறோம்? சில அனுபவங்கள்

படகுச் சோதனைப் பிரிவிலிருந்து:

வெளியிலிருந்து வந்து நீர்நிலைகளில் பெருகும் இனங்களைக் கட்டுப்படுத்தும் அரசுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதே வேலையில் இருப்பவர்கள், தகவல் சொல்ல வந்த பொதுமக்களோடு ஏற்பட்ட அனுபவங்களை எழுதுங்களேன். நான் தொடங்கி வைக்கிறேன்.

தூண்டில் போடுகிறவர் ஒருவர் ஒரு கல்லைப் பையில் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். கல்லின் அடியில் விரல் நகம் அளவில் சில சிப்பிகள், ஓட்டில் கோடு கோடாக. வெளியிலிருந்து வந்து பெருகும் ஜீப்ரா சிப்பி அது. முன்மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க படகுப் பதிவு எண் என்ன? இதுக்கு முன்னாடி எந்த ஏரியில விட்டீங்க?" வந்தவர் முகம் சுருங்கிப்போனது. "கரையில கிடந்துச்சு சார், எடுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். "நீங்க இதைக் கவனிச்சதே பெரிய உதவி. எந்தப் பக்கக் கரைன்னு மட்டும் வரைஞ்சு காட்டுங்க" என்றேன். வரைந்துகொண்டே பேசத் தொடங்கினார். தண்ணீர் இறங்கியிருந்த இடம், அதைத் தாண்டி ஒரு சின்னப் படகுத்துறை, அங்கே வெகுநாளாகக் கட்டிக்கிடக்கும் ஒரு பழைய படகு, அது வேறொரு ஏரியில் ஓடியதை வாங்கி வந்தார்கள் என்பது வரை சொன்னார். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசித் தகவல்தான். அந்தப் படகைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பலகையிலும் மோட்டார் இடுக்கிலும் ஜீப்ரா சிப்பி அப்பிக் கிடந்தது. அதைத் தனியே கொண்டுபோய்ச் சுடுநீர் பாய்ச்சிச் சுத்தம் செய்தோம். ஏரியில் கண்காணிப்பு இன்றும் தொடர்கிறது.

ஒரு பெண் ஜீப்ரா சிப்பி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுப் பருவத்தில் அது கண்ணுக்கே தெரியாது. படகின் அடியில் தேங்கிய தண்ணீரிலோ மீன் போட்டு வைக்கும் தொட்டியிலோ சத்தமில்லாமல் அடுத்த ஏரிக்குப் போய்விடும். வளர்ந்த சிப்பி குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல நாள் உயிரோடு இருக்கும். பெரிய ஏரி ஒன்றில் பரவிவிட்டால் அதை முற்றிலும் ஒழிக்க இன்றுவரை வழி இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மில்புரூக் கல்குவாரிக் குளத்தில் இதை 2002-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் பொட்டாசியம் கரைசலைக் கலந்து முழுவதும் ஒழித்தார்கள். அது சிறிய, தனித்த குளம் என்பதால் முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் 1999 மார்ச்சில் கருவரிச் சிப்பி என்ற இன்னொரு அயல் சிப்பி தென்பட்டது. சுமார் ஆறு மாதம் முன்பு நடந்த ஆய்வில் அது அங்கே இல்லை. உடனே படகுத்துறைகளை மூடி, குளோரினும் தாமிர சல்பேட்டும் கலந்து, சில வாரங்களில் ஒழித்தார்கள். மதகுக் கதவுகளால் கடலிலிருந்து பிரித்த படகுத்துறைகளுக்குள்ளே இருக்கும்போதே பார்த்துவிட்டதுதான் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. இன்னும் சில மாதம் போயிருந்தால் திறந்த கடல். எங்களுக்கு அந்த வாய்ப்பைத் தருபவர்கள் பெரும்பாலும் கரையில் நிற்கும் சாதாரண மனிதர்கள். அவர்களைக் குற்றவாளியை விசாரிப்பது போல விசாரித்தால், அடுத்த முறை கல்லைத் திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆய்வகத்திலிருந்து:

நல்ல தலைப்பு. என் வேலை நுண்ணோக்கி முன்னால்தான். நுண்வலையில் வடிகட்டிய தண்ணீரைக் குறுக்குத் துருவ ஒளியில் பார்ப்போம்; சிப்பிக் குஞ்சு இருந்தால் கருப்புப் பின்னணியில் சிலுவைக் குறியோடு பளிச்சென்று தெரியும். ஆனால் மாதிரி எடுத்த இடத்தைத் தாண்டி எதையும் நுண்ணோக்கி காட்டாது. அதனால் முதல் பதிவில் உள்ளதை முழு மனதோடு ஏற்கிறேன்.

2021-ல் அமெரிக்காவில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். மீன்தொட்டியில் அழகுக்குப் போடும் பச்சை நீர்ப்பாசிப் பந்துகளுக்குள் ஜீப்ரா சிப்பி ஒளிந்திருந்தது. எல்லையிலோ சோதனைச் சாவடியிலோ யாரும் அதைப் பிடிக்கவில்லை. சியாட்டிலில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியர் கவனித்து, ஊடுருவும் இனங்களுக்கான அரசுத் தரவுத்தளத்துக்குத் தகவல் அனுப்பினார். அதைப் படித்த மீனியல் அறிஞர் மற்ற அதிகாரிகளுக்குத் தெரிவித்தார், புளோரிடாவில் ஒரு கடையில் தானே தேடியும் கண்டுபிடித்தார். பல மாநிலங்களில் அகப்பட்டது. கடைகள் பந்துகளைத் திரும்பப் பெற்றன, வாங்கியவர்களிடம் உறையவைத்தோ கொதிக்கவைத்தோ அழிக்கச் சொன்னார்கள். ஒரு கடை ஊழியர் வாய் திறந்ததால் நடந்தது இத்தனையும்.

எனக்கு மறக்க முடியாதது ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியது பதின்வயதுப் பையன். வீட்டில் வளர்த்த மீன்கள் பெரிதாகிவிட்டதால் அப்பா அவற்றைக் குளத்தில் விட்டுவிட்டார், இன்னும் இரண்டு தொட்டியில் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்று கேட்டான். "அப்பாவுக்கு ஃபைன் போடுவீங்களா?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். "இல்லப்பா, மீன் என்ன ஜாதி, எந்தக் குளம்னு மட்டும் சொல்லு" என்றேன். மறுநாள் அப்பாவும் மகனும் சேர்ந்தே தொட்டி மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குளத்தில் விட்ட இடத்தையும் அப்பாவே காட்டினார். குளம் சிறியது, வலை போட்டு எடுத்துவிட்டோம்.

புளோரிடாவில் 2006 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. வளர்க்க முடியாத அயல் விலங்கை, உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும், தண்டனை இல்லாமல் ஒப்படைக்கலாம். நமக்கெல்லாம் அப்படி ஒரு ஏற்பாடு சட்டத்திலேயே இருந்தால் நான் அந்தப் பையனுக்குத் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன். அன்று என் பொறுப்பில்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்:

இரண்டு பதிவுகளும் சரி. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அன்பாகப் பேசி அனுப்பிவிட்டால் போதாது, பதில் போக வேண்டும். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் பொதுமக்கள் அனுப்பிய தகவல்கள் கோப்பில் ஏறும், அதோடு சரி. மாதிரி என்ன ஆனது, அவர் சொன்னது சரியா தவறா என்று ஒருவருக்கும் பதில் போகாது. வழக்கமாக எழுதிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிறுத்திவிட்டார். ஒருநாள் துறையில் பார்த்தபோது காரணம் கேட்டேன். "கிணத்துல கல்லைப் போட்டாக்கூடச் சத்தம் வருது" என்றார். எனக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லை.

வேண்டுமென்றே தண்ணீரில் விடுகிறவர்கள் விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பிடித்து விளையாட வேண்டும் என்பதற்காக வேட்டைமீனை ஏரியில் கொண்டுவந்து விடுகிறவருக்குத் தண்டனை கண்டிப்பாக வேண்டும். தெரியாமல் செய்தவரையும் தெரிந்தே செய்தவரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது, எந்தப் பக்கமும்.

கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரி எல்லோரும் படிக்க வேண்டிய வரலாறு. வடபகுதி பைக் என்ற வேட்டைமீன் அங்கே புகுந்தது. 1997-ல் அரசு ரோட்டினோன் மருந்தைக் கலந்து மீன்களைக் கொன்றது. அருகிலுள்ள போர்ட்டோலா ஊருக்கு அப்போது அந்த ஏரியிலிருந்து குடிநீர் போய்க்கொண்டிருந்தது. மக்கள் எதிர்த்தும் அரசு கேட்கவில்லை. பிறகு இழப்பீடும் கொடுக்க வேண்டியிருந்தது. 1999-ல் பைக் மறுபடி வந்துவிட்டது. 2007-ல் இரண்டாவது முறை மருந்து போட்டபோது முன்கூட்டியே ஊரோடு உட்கார்ந்து பேசினார்கள். இந்த முறை மீன் ஒழிந்தது, ஊரும் கூட நின்றது.

அந்த மீனவரைச் சந்தித்த பிறகு எங்கள் பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் போட வைத்தேன்: "தகவல் தந்தவருக்குப் பதில் அனுப்பிய தேதி." அது காலியாக இருந்தால் கோப்பை முடிக்க முடியாது. சேதி பொய்த்தாலும், அது உள்ளூர்ச் சிப்பிதான் என்றாலும், அப்படியே எழுதி அனுப்பினோம். உங்கள் அலுவலகங்களில் இதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று அடுத்து எழுதுபவர்கள் சொல்லுங்கள்.