தோள்மூட்டு மாற்று அறுவைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
எனக்கு வயது 67. வலது தோள்மூட்டின் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவதை எக்ஸ்ரே காட்டுகிறது. தைப்பூசத்துக்குக் காவடி சுமந்த தோள், இன்று சட்டைக் கைக்குள் நுழையவே மறுக்கிறது. மாத்திரைகளும் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகளும் சில வாரங்களே தாங்கின. மருத்துவர் மூட்டை மாற்றச் சொல்கிறார். செய்துகொண்டவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அண்ணா, எனக்குத் தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் கிழிந்திருந்ததால், மூட்டின் பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும் தலைகீழ் மூட்டைப் பொருத்தினார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் போல் கிராமோன் 1985இல் உருவாக்கிய முறை அது. கிழிந்த நாண்களின் வேலையைத் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை ஏற்றுக்கொண்டு கையை உயர்த்துகிறது. உங்கள் தசைநாண்கள் எந்த நிலையில் உள்ளன என்று முதலில் கேளுங்கள். எந்த வகை மூட்டு என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கும். இரவு வலி போய்விட்டது. ஆனால் ஆறு வாரம் கையைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட்டு, சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். அதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை!

பதில் (ஃபீனிக்ஸ், இயன்முறை சிகிச்சையாளர்):
ஐயா, கடைசி ஊசி எப்போது போட்டீர்கள்? அதன் பின் மூன்று மாதங்களுக்குள் அறுவை செய்தால் தொற்று ஏற்படும் அபாயம் கூடும் என்பதால், மருத்துவரிடம் தேதியைத் தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வலி நன்றாகக் குறையும். இளமையின் வீச்சு முழுவதும் திரும்பும் என்று எண்ணாதீர்கள். காவடியை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசி ஊசி சென்ற மாதம்தான். நல்லவேளை கேட்டீர்கள், அம்மா. நாளைக் காலையே மருத்துவரை அழைக்கிறேன்.