கருப்பு காருக்கு காம்பவுண்ட், பாலீஷ், கிளேஸ்: எதை வாங்குவது, எதை விடுவது?

கரும்பலகை:
வண்டி 6 வருஷமான கருப்பு மெட்டாலிக் செடான். எங்கேயும் ரீபெயிண்ட் இல்லை. தினமும் தூசித் துணியால் துடைத்ததில் வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்டக் கோடுகள். போனட்டிலும் கூரையிலும் போர் தண்ணீர்க் கறை. கையில் 15 மி.மீ. த்ரோ (பேட் ஆடும் அகலம்) டிஏ பாலிஷர் (பேடை ஆட்டிக்கொண்டே சுற்றும் மெஷின்) இருக்கிறது, 5 இன்ச் பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு).
கடையில் மெகுயர்ஸ் எம்105 காம்பவுண்ட், எம்205 பாலீஷ், எம்7 கிளேஸ் மூன்றையும் செட்டாக வாங்கச் சொல்கிறார்கள். மென்செர்னா 400, 3800 நல்லது என்கிறார் இன்னொருவர். கடைசியில் செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்புப் பூச்சு) போடும் எண்ணம். மூன்றும் வேண்டுமா? எந்த பேடோடு எது?

மைக்ரான்மணி:
செராமிக் போடப்போகிறீர்கள் என்றால் எம்7 வேண்டாம், முதலில் அதைக் கழித்துவிடுங்கள். காம்பவுண்டும் பாலீஷும் பெயிண்டைச் சீவுபவை. கிளேஸ் சீவாது, கீறலுக்குள் எண்ணெயை நிரப்பி மறைக்கும். கருப்பில் பார்க்க அருமையாக இருக்கும், நாலு வாஷில் எண்ணெய் போய்விடும், வலை திரும்பி வரும். அந்த எண்ணெய் மேல் செராமிக் ஒட்டாது. மெழுகு மட்டும் போடுகிறவருக்கும், கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் உள்ள நிறமற்ற பெயிண்ட் அடுக்கு) மெலிந்துபோய் இனி சீவ முடியாத பழைய வண்டிக்கும் கிளேஸ் சரியான சாமான்தான்.

மற்ற இரண்டில் கறையை முதலில் பாருங்கள். எல்லாக் கறைக்கும் காம்பவுண்ட் தேவையில்லை. நிழலில், பேனல் ஆறியிருக்கும்போது வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மேலே படிந்த உப்பு மட்டும் என்றால் போய்விடும். போகாமல் வட்டமாகப் பள்ளம் தெரிந்தால் கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது. அதற்குத்தான் சீவல். கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கோட்டை முழுசாக எடுக்க முயலாதீர்கள், விளிம்பு மழுங்கினால் போதும்.

கழுவி, அயர்ன் ரிமூவர் (இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்) அடித்து, கிளே (ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் கட்டி) போட்ட பிறகு போனட்டில் ஒன்றரை அடிச் சதுரம் டேப் ஒட்டி டெஸ்ட் ஸ்பாட். தொடக்கம் எம்205 + மென்மையான ஃபோம் பேட். வலை போய்விட்டால் வண்டி முழுக்க அதுவே, எம்105 பாட்டில் மூடியே திறக்க வேண்டாம். போகவில்லையா, அதே எம்205 + நடுத்தர ஃபோம். அதற்கும் அசையாவிட்டால்தான் எம்105 + மைக்ரோஃபைபர் பேட், அதன்மேல் எம்205 ஃபோமில். பாட்டிலை மாற்றுவதற்கு முன் பேடை மாற்றுங்கள். சீவலைத் தீர்மானிப்பதில் பேடுக்குத்தான் பெரிய பங்கு.

மென்செர்னாவும் அதே வரிசைதான்: 400 கனச் சீவல், 3800 இறுதி மினுக்கல். ஒரு வித்தியாசம், அதன் துகள் தேயத் தேய நுண்ணியதாகும், அதனால் பாதியில் நிறுத்தக்கூடாது. எம்105, எம்205 துகள் அளவு மாறாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தித் துடைத்துப் பார்க்கலாம். முதல் தடவைக்கு அது வசதி.

ஊல்பேட்:
இவ்வளவு சுற்ற வேண்டாம் சார். ரோட்டரி (ஆடாமல் ஒரே அச்சில் சுற்றும் மெஷின்), ஊல் (கம்பளி) பேட், காம்பவுண்ட்: ஒரே பாஸில் முடிந்தது.

மைக்ரான்மணி:
கருப்பில் ரோட்டரியும் ஊலும் விட்டுவைக்கும் ஹாலோகிராம் (மெஷின் சுற்றிய தடம்) வெயிலில் வால்நட்சத்திரம் மாதிரி நகரும். அதை எடுக்க இன்னொரு பாஸ் டிஏ போட்டே ஆகணும். ஒரு பாஸ் எங்கே மிஞ்சியது? கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், கனச் சீவல் ஒவ்வொன்றும் சில மைக்ரானைத் தின்னும். கதவு விளிம்பும் பாடி லைன் மடிப்பும் அதைவிட மெலிசு, அங்கே டேப் ஒட்டிவிடுவதே உத்தமம். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவாமல் ஓரிடத்திலேயே நிற்கும், அழுத்தத்தைக் குறைங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் சாதாரண கேஜ் அதில் வேலையும் செய்யாது.

பேக்கிங்பிளேட்:
மணி அண்ணன் சொன்ன வரிசையே சரி. ஓட்டுவதில் நடக்கும் தப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அது சுற்றுவது கண்ணுக்குத் தெரியணும். கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் பேட் சுற்றவில்லை, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சீவாது. வளைந்த கதவில் 15 மி.மீ. மெஷின் இப்படி அடிக்கடி நிற்கும். மெஷினைச் சாய்க்காமல் அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது 3 இன்ச் பேடுக்கு மாறுங்கள்.

முதல் தடவை பேட் முகம் முழுக்க லேசாகத் தடவிக்கொள்ளுங்கள், பிறகு பட்டாணி அளவில் 3, 4 சொட்டு போதும். ஒரு சதுரத்துக்கு ஸ்பீடு 4 அல்லது 5, குறுக்கும் நெடுக்குமாக 4 முதல் 6 பாஸ் (சதுரம் முழுக்க ஒருமுறை ஓட்டுவது ஒரு பாஸ்), கை நகர்வு நொடிக்கு ஒரு இன்ச். நம்ம ஊர் வெயிலில் எம்105 சீக்கிரம் காய்ந்து மாவாகக் கொட்டும். பேனல் கை வைக்க முடியாத சூடு என்றால் மெஷினை எடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு பேனலுக்கும் பேடை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யணும். தேய்ந்த பெயிண்ட் பேடில் ஏறி உட்கார்ந்தால் அதுவே புதுக் கோடு போடும். ஒரு காருக்கு 4 பேடாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
எம்205 + மென்மையான ஃபோமில் வலை முக்கால்வாசி போனது. நடுத்தர ஃபோமில் முழுசாகப் போனது, ஆனால் டார்ச் அடித்தால் லேசாக மங்கல். வினிகரில் கூரைக் கறை போய்விட்டது, போனட்டில் ஐந்தாறு வட்டம் மிச்சம்.

மைக்ரான்மணி:
பெயிண்ட் மென்மையானது, மங்கல் நடுத்தர பேடின் தடம். மென்மையான பேடில் எம்205 மறுபடி, ஸ்பீடு 3, மெஷினின் எடை தவிர அழுத்தமே வேண்டாம், மெதுவாக 3 பாஸ். எம்105 வாங்கியிருந்தால் அந்த ஐந்தாறு வட்டத்துக்கு மட்டும் 3 இன்ச் பேடில் போடுங்கள். வாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கோட்டிங்குக்கு முன் பேனல் வைப்பால் (மிச்ச எண்ணெயை எடுக்கும் திரவம்) துடைக்கணும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் என்றால் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், மைக்ரோஃபைபர் துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தில். துடைத்த பிறகும் வலை வரவில்லை என்றால் எண்ணெய் மறைக்கவில்லை, நிஜமாகவே போயிருக்கிறது. வந்தால் கோட்டிங் பாட்டிலை மூடிவைத்துவிட்டு அந்தப் பேனலை மறுபடி எம்205.