ஸ்பானிஷில் விலை கேட்டால் தேதி சொல்கிறார்கள்: வணக்கமும் அன்றாட வாக்கியங்களும், உதவி தேவை

சொல்தேடி:
ஸ்பானிஷில் அன்றாடம் புழங்கும் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கிறேன். பேசும்போது சில இடங்களில் தடுக்கிறது. விலை கேட்க "குவாந்தோ எஸ்?" என்றால் தேதியோ நேரமோ சொல்கிறார்கள். நலம் விசாரித்தால் "சோய் பியென்" என்கிறேன். தவறு என்கிறார்கள், காரணம் விளங்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு எந்த வணக்கம் சொல்வது? "புவேனாஸ் நோச்செஸ்" (இரவு வணக்கம்) விடைபெறும்போது மட்டும்தானா?

ஒலியன்:
முதல் சிக்கல் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தானாகவே மென்மையாகிவிடும். "பந்து" என்பதில் வரும் து போல. ஸ்பானிஷில் அப்படி ஆகாது. "எவ்வளவு" என்பதற்கும் "எப்போது" என்பதற்கும் உள்ள ஒரே வேறுபாடு அந்த ஒரு ஒலிதான். "குவாந்தோ" என்று எழுதிப் படித்தால் வாயில் வருவது "எப்போது". விலை கேட்க "குவான்த்தோ எஸ்?" என்று எழுதிக்கொள்ளுங்கள், "பத்து" என்பதில் வரும் த்து போல அழுத்தமான த, ஆனால் நீட்டக் கூடாது. "எங்க்கன்த்தாதோ" (சந்தித்ததில் மகிழ்ச்சி) என்ற சொல்லிலும் இதே பொறி இருக்கிறது. பெண் பேசினால் அது "எங்க்கன்த்தாதா".

நமக்குச் சாதகமான ஒலிகளும் உண்டு. ஸ்பானிஷ் த நம் த போலவே பல்லில் நாக்கு படும் ஒலி, ட ஆக்கிவிடாதீர்கள். உயிர்களுக்கு இடையில் வரும் மெலிந்த த "அது" என்பதில் வருவதேதான்: "தே நாதா" (நன்றி சொன்னவருக்குத் தரும் பதில்) சொல்லும்போது கடினமாக்க வேண்டாம். மேலே அலைக்கோடு போட்ட எழுத்துக்கு நம் ஞ அப்படியே பொருந்தும்: "மஞானா" (நாளை), "எஸ்பஞோல்". வயது சொல்லும்போது இதில் கவனம் வேண்டும். "தெங்கோ வெய்ன்த்தே ஆஞோஸ்" என்றால் எனக்கு 20 வயது. ஞ-வை விட்டுவிட்டு "ஆனோஸ்" என்றால் ஆசனவாய் என்று பொருள்.

அழுத்தம்தான் நமக்குக் கடினம். உயிரிலோ ன், ஸ் ஒலியிலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசை அழுத்தம் பெறும். மற்றவற்றில் கடைசி அசை. மேலே சாய்கோடு இருந்தால் கோடு இருக்கும் இடம். "எஸ்த்தா" என்பதில் முதல் அசையை அழுத்தினால் "இந்த", கடைசி அசையை அழுத்தினால் "இருக்கிறார்". எல்லா அசையையும் சமமாகச் சொல்லும் நம் பழக்கத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். குறிப்பேட்டில் அழுத்த அசையின் கீழே கோடு போடுங்கள். ஆனால் காதால் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டுக் கேட்பது அல்ல.

வேர்ச்சொல்:
"சோய்", "எஸ்த்தோய்" இரண்டுக்கும் தமிழிலேயே நல்ல உரைகல் இருக்கிறது. வினைச்சொல் இல்லாமல் "நான் ஆசிரியர்" என்று சொல்லும் இடத்தில் "சோய்". "இருக்கிறேன்" வரும் இடத்தில் பெரும்பாலும் "எஸ்த்தோய்": நலமாக இருக்கிறேன், "எஸ்த்தோய் பியென்", வீட்டில் இருக்கிறேன், "எஸ்த்தோய் என் காசா". உயரம், குணம் போன்ற நிலையான இயல்புகள் இதற்கு விலக்கு. அங்கே "சோய்" வரும். "எஸ்த்தோய் புவேனோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் கவர்ச்சியாக இருக்கிறேன்" என்று எடுத்துக்கொள்வார்கள்.

"எனக்குப் பசிக்கிறது", "எனக்கு 20 வயது" போன்றவற்றுக்கு இரண்டும் பொருந்தாது, "தெங்கோ" வேண்டும். பசி என்றால் "தெங்கோ ஆம்ப்ரே", தாகம் என்றால் "தெங்கோ செத்".

இன்னொன்று: "யோ" (நான்) சேர்க்கத் தேவையில்லை. "வந்தேன்" என்பதில் ஆள் தெரிவது போல "எஸ்த்தோய்" என்றாலே நான்தான்.

ஒலியன்:
வணக்கம் பற்றி. லத்தீன் அமெரிக்காவில் 12 மணி கடந்தாலே பொதுவாக "புவேனாஸ் தார்தெஸ்" (மதிய வணக்கம்). ஸ்பெயினில் மதிய உணவுதான் எல்லை, அது பலருக்கு இரண்டு மணிக்கு மேல். ஒரு மணிக்கு "புவேனோஸ் தியாஸ்" (காலை வணக்கம்) அங்கே இயல்பு. "புவேனாஸ் நோச்செஸ்" சந்திக்கும்போதும் சொல்லலாம், பிரியும்போதும் சொல்லலாம். குழப்பமாக இருந்தால் "புவேனாஸ்" என்று மட்டும் சொல்லுங்கள், எந்த வேளைக்கும் ஒத்துவரும், சற்றே சகஜமான தொனி.

சொல்தேடி:
குவான்த்தோ விஷயம் பிடிபட்டது, மிக்க நன்றி. நீ, நீங்கள் வேறுபாடு எப்படி? அவர்கள் வேகமாகப் பதில் சொன்னால் என்ன செய்வது?

வேர்ச்சொல்:
"தூ" நீ, "உஸ்த்தெத்" நீங்கள். "உஸ்த்தெத்" உடன் வரும் வினைமுற்று "அவர்" என்பதற்கு உரியது: "கோமோ எஸ்த்தா உஸ்த்தெத்?" (எப்படி இருக்கிறீர்கள்?) சரி, "எஸ்த்தாஸ் உஸ்த்தெத்" தவறு. பெயர் கேட்பதிலும் அப்படியே: நீ என்றால் "கோமோ தே யாமாஸ்?", நீங்கள் என்றால் "கோமோ சே யாமா?". ஆனால் நம் மரியாதைக் கணக்கை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஸ்பெயினில் முன்பின் தெரியாதவர்களும் எளிதில் "தூ" சொல்வார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே "உஸ்த்தெத்" கேட்கும். அர்ஜென்டினாவில் "தூ" இருக்கும் இடத்தில் "வோஸ்". தெரியாத இடத்தில் "உஸ்த்தெத்" சொல்லித் தொடங்கி, அவர்கள் "தூ"வுக்கு மாறினால் நீங்களும் மாறுங்கள்.

வேகம் பற்றி: "கோமோ எஸ்த்தாஸ்" ஒரே மூச்சில் வரும், "கோமொஎஸ்த்தாஸ்" என்று. கரீபியத் தீவுகளிலும் தெற்கு ஸ்பெயினிலும் அசைக் கடைசி ஸ் தேய்ந்து ஹ் போல ஆகிவிடும். "புவேனா தார்தே" என்று காதில் விழலாம். புரியாவிட்டால் "கோமோ?" என்று கேளுங்கள், மெக்சிகோவில் "மாந்தே?". வெறும் "கே?" (என்ன?) வெடுக்கென்று படும். அதோடு "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" (மெதுவாக, தயவுசெய்து) என்பதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். வேறு எந்த வாக்கியத்தையும்விட அதிகம் உதவும்.

சொல்தேடி:
பெரியவர் ஒருவருக்கு இப்படிச் சொல்வது சரியா: "புவேனோஸ் தார்தெஸ். எஸ்த்தோய் பியென், க்ராசியாஸ். இ உஸ்த்தெத், கோமோ எஸ்த்தாஸ்?" (மதிய வணக்கம். நலமாக இருக்கிறேன், நன்றி. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?)

ஒலியன்:
இரண்டு திருத்தம். "தார்தே" பெண்பால், ஆகவே "புவேனாஸ் தார்தெஸ்". "தியா" ஆ-வில் முடிந்தாலும் ஆண்பால் என்பதால் அங்கே மட்டும் "புவேனோஸ்". கடைசியில் "எஸ்த்தாஸ்" அல்ல, "எஸ்த்தா". அல்லது அதையும் விட்டுவிட்டு "இ உஸ்த்தெத்?" என்று குரலை உயர்த்தி நிறுத்துங்கள், அவர்களும் அப்படித்தான் கேட்பார்கள்.