மறு: விஸ்காசிட்டி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு, கார் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். விஸ்காசிட்டிக்கு, அதாவது ஆயில் ஓடாமல் இழுக்கும் கெட்டித்தன்மைக்கு, எனக்கு முன்னால் செய்தவர் "அடர்த்தி" என்று போட்டிருக்கிறார். விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கும், ஆனால் ஊற்றினால் தேன் மாதிரித்தான் இறங்கும். அப்படியிருக்க அது எப்படி அடர்த்தி? இன்னொன்று ஆயில் கன்சம்ப்ஷன், எஞ்சின் ஓட ஓட ஆயில் செலவாவது. "எண்ணெய் நுகர்வு" என்றால் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது.

> பாகுநிலை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறதே

இருக்கிறது ஐயா. ஆனால் பாகு காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகும், ஆயில் சூடேறினால் இளகும். கையேடு சொல்வதே அதைத்தான்: ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் முன்னது குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது உள்ள கெட்டித்தன்மை, பின்னது 100 டிகிரி செல்சியஸில் உள்ளது.

> காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகும்

அது தண்ணீர் வற்றுவதால், தம்பி. அடுப்பை அணைத்து ஆறவிட்டால் அதே பாகு இறுகும், திரும்பச் சூடு காட்டினால் இளகும். அதிரசத்துக்கு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பதம்தான் ஆயிலின் கிரேடு. "30 பதம், 40 பதம்" என்று எழுதுங்கள்.

> எஞ்சின் ஆயில்

எண்ணெய் என்பதே எள்+நெய். எஞ்சினில் எள் ஏது? வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் போட்டோமே, மசகு, அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் இலங்கைப் பத்திரிகைகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். ஆகவே "உயவுநெய்", உராய்வைக் குறைக்கும் நெய். உப்பு வணிகரான உமணர் வண்டியில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிக்கொண்டு போனதைப் பாடிய மொழிக்கு இது முடியாதா?

> உயவுநெய்

தோசைக்கா என்று கேட்பான் என் ஐ.டி.ஐ. மாணவன். பட்டறையில் "ஆயில் குடிக்குது" என்பார்கள், அதுவே சரி. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ வால்வு சீல் விறைத்துப் போனாலோ ஆயில் உள்ளே போய் எரிகிறது, நீலப் புகை வருகிறது. என் பழைய காரில் மாதம் ஒருமுறை ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பனியன் துணியால் துடைத்துவிட்டுப் பார்ப்பேன். மேல் கோட்டில் இருந்தது கீழ்க்கோட்டுக்கு வந்திருக்கும், ஏறக்குறைய ஒரு லிட்டர். 30 கிரேடுக்குப் பதில் இன்னும் கெட்டியான 40 ஊற்றினேன். குடி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான், தேய்ந்த ரிங் வளரவா போகிறது? "எண்ணெய்க்குடி" என்று போடுங்கள்.

நன்றி. "பாகுநிலை", "எஞ்சின் ஆயில்", "ஆயில் குறைதல்" என்று அனுப்பிவிட்டேன். பதத்தைத் தொட நேரமில்லை.

> ஆயில் குறைதல்

ஒழுகினாலும் குறையும், தம்பி. எரிந்ததற்கு இன்னும் சொல் இல்லை.