2009க்கு அப்புறம் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்: கேஸ்ல சேர்ந்தா அரியர் முழுசா வருமா?

சாக்பீஸ்தூள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் 2010ல ஊராட்சி ஒன்றிய பள்ளில இடைநிலை ஆசிரியரா சேர்ந்தேன். நம்ம கதை தெரிஞ்சதுதான், 1.6.2009ல சம்பளத்த திருத்தி அரசாணை 234 வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேலைல இருந்தவங்களுக்கு பழைய 4500ஐ 1.86ஆல பெருக்கி 8370, அதுக்கப்புறம் வந்த எங்களுக்கு 5200ல ஆரம்பம், தர ஊதியம் மட்டும் ரெண்டு பேருக்கும் அதே 2800. பக்கத்து ரூம்ல அதே அஞ்சாங்கிளாஸ் எடுக்கறவரைவிட முதல் நாள்லயே 3170 ரூபா கம்மி, அதுக்கு மேல டிஏ வேற.

இப்ப எங்க ஏரியால கொஞ்ச பேர் சேர்ந்து ஹைகோர்ட்ல ரிட் மனு போடறாங்க. பணம் வசூல் பண்றவர் ஜாயின் பண்ண தேதில இருந்து மொத்த அரியரும் வரும்னு எக்செல்ல கணக்கு போட்டு அனுப்பிட்டார், அதை வீட்ல பாத்துட்டாங்க, இப்ப அந்த பணத்துக்கு செலவும் முடிவாயிருச்சு. இன்னொரு சார், "எவனாச்சும் ஜெயிக்கட்டும், ஆர்டர் காப்பிய வெச்சு நாம ஒரு மனு போட்டா போதும்"ங்கறார். யார் சொல்றது சரி?

பழைய_எஸ்ஆர்:
ரெண்டு பேர் சொல்றதும் அப்படியே நடக்காது. சம்பள நிர்ணயம் தப்புன்னா மாசா மாசம் தொடர்ற தப்புதான், அதனால லேட்டா போனாலும் கேஸ் போடலாம், 1995லயே எம்.ஆர்.குப்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆனா அரியர்னு வரும்போது 2008 தர்செம் சிங் தீர்ப்ப எடுத்து காட்டுவாங்க. பொதுவா ரிட் போட்ட தேதில இருந்து பின்னாடி 3 வருஷம், அவ்ளோதான். அந்த எக்செல்ல மேல பாதிய அழிச்சுட்டு வீட்ல காட்டுங்க சார். இன்னொன்னு, நீங்க யோசிச்சுட்டே இருக்கற ஒவ்வொரு மாசமும் பின்னாடி ஒரு மாச அரியர் போயிட்டே இருக்கு.

"மனு குடுத்துட்டேதான இருக்கோம்"னு சொல்வீங்க. மனு குடுத்ததால காலக்கெடு நிக்காது, துறை பதில் போட்டாலும் பழைய கோரிக்கைக்கு புது உயிர் வராதுன்னு அதே 2008ல சி.ஜேக்கப் வழக்குல சொல்லிட்டாங்க.

வேடிக்கை பாக்கற சாருக்கும் சேத்து சொல்றேன். ஒரே நிலைல இருக்கறவங்களுக்கு ஒரே பலன்ங்கறது பொது விதிதான், ஆனா அடுத்தவன் ஜெயிக்கற வரைக்கும் வேலி மேல உக்காந்திருந்தவனுக்கு கிடையாதுன்னு 2014ல அரவிந்த்குமார் ஸ்ரீவஸ்தவா வழக்குல வந்திருக்கு. தீர்ப்பே எல்லாருக்கும் பொதுவா இருந்தா மட்டும் தப்பிக்கலாம்.

மணி_அடிச்சாச்சு:
750 ரூபா தனி ஊதியம் குடுத்தாங்களே, அதுலயே எல்லாம் சரியாயிருச்சுன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இன்னும் சொல்லிட்டிருக்கார் 🙂 3170க்கு 750, இவர்தான் எங்களுக்கு பில்லும் போடறார்.

வடக்கு_தெரு:
பீகார் கேஸயும் மறந்துராதீங்க. அங்க நியோஜித்னு சொல்ற டீச்சர்ஸ் சம ஊதியம் கேட்டு பாட்னா ஹைகோர்ட்ல ஜெயிச்சாங்க, லட்சக்கணக்கான பேர், 2019 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை தூக்கிருச்சு. அவங்கள நியமிச்சது பஞ்சாயத்து மாதிரி உள்ளாட்சி அமைப்புங்க, பழைய அரசு ஆசிரியர் பிரிவு வேற, அதனால ஒப்பிட முடியாதுன்னு வந்துச்சு. நம்ம விஷயத்துல ஒரே பதவி, ஒரே தகுதி, தேதி மட்டும்தான் வித்தியாசம், அதனால அத அப்படியே நம்ம மேல போட முடியாதுன்னு நினைக்கறேன். ஆனா அரசு வக்கீல் போடாம விடமாட்டார், உங்க வக்கீல் பதில் ரெடியா வெச்சிருக்காரான்னு கேளுங்க. 2016 ஜக்ஜித் சிங் தீர்ப்பு, சம வேலைக்கு சம ஊதியம், அது நமக்கு சாதகம்.

கன்டெம்ப்ட்_கண்ணாயிரம்:
நான் வேற ஒரு ஊதிய நிர்ணய கேஸ்ல ஜெயிச்சவன், ஜெயிச்சேன்னா சொல்லிக்கறதுக்குத்தான். ஆர்டர் வந்தன்னைக்கு ஸ்வீட் எல்லாம் குடுத்துட்டேன், அப்புறம் நிதானமா கடைசி பாராவ படிச்சா "மனுதாரரின் கோரிக்கையை 12 வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க"னு இருக்கு. பரிசீலிச்சாங்க, நிராகரிச்சாங்க, முடிஞ்சது. மறுபடி அந்த நிராகரிப்ப எதிர்த்து ரிட். அதுல "வழங்குக"னு வந்துச்சு, துறை அப்பீல் போச்சு, அதுலயும் தோத்தாங்க, அப்பவும் பணம் வரல, கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு மனு) போட்டப்புறம்தான் பைலே நகர்ந்துச்சு. கன்டெம்ப்டுக்கு ஒரு வருஷம்தான் டைம், அப்பீல் முடியட்டும்னு சும்மா இருந்து கோட்டை விட்டவங்க எங்க செட்லயே 4 பேர்.

அரியர் 2019ல மொத்தமா வந்துச்சு, வரி பாதிய தின்னுரும்னு பயந்தேன், 89ஆம் பிரிவுல அந்தந்த வருஷத்துக்கு பிரிச்சு நிவாரணம் கேட்டு 10இ படிவம் போட்டதால தப்பிச்சேன். ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி அத போடணும், நம்ம ஆளுங்க பாதி பேர் அதுலதான் நோட்டீஸ் வாங்கறாங்க.

சாக்பீஸ்தூள்:
ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் வக்கீல்கிட்டயே பேசிட்டேன், மனுவுல என்ன கேக்கறீங்கன்னு கேட்டா "பரிசீலிக்கச் சொல்லி"ன்னார்! கண்ணாயிரம் சார் பதில ஃபார்வர்ட் பண்ணேன், அரசாணைல எங்களுக்கு பாதகமான பகுதிய ரத்து பண்ணி வித்தியாசத்த வழங்கச் சொல்லி மாத்தறேன்னு சொல்லிருக்கார். மாத்தின வரைவ கண்ணால பாத்துட்டு பணம் கட்டறேன். எக்செல்லயும் 3 வருஷத்துக்கு சுருக்கிட்டேன், வீட்ல ஒரு வாரமா பேச்சு கம்மி.

பழைய_எஸ்ஆர்:
எஸ்ஆர்ல, அதான் பணிப்பதிவேட்டுல, ஊதிய நிர்ணயம் பதிஞ்ச பக்கத்த இப்பவே காப்பி எடுத்து வெச்சுக்கங்க. கேஸ் போட்டப்புறம் கேட்டா அலமாரி சாவி கிடைக்காது.