உயிரினங்கள் குறைந்தால் மீண்டும் பெருக வேண்டியதுதானே, ஏன் அடியோடு அழிகின்றன?

கரிச்சான்:
நான் உயிரியல் படித்தவன் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறேன். சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகின்றன, தடையே இல்லாவிட்டால் இரண்டு நாள் முடிவதற்குள் பூமியின் எடையைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். நிஜத்தில் உணவு, இடம், நோய், எதிரி என்று ஏதாவது ஒன்று மடக்கிவிடுகிறது. சரி, அப்படியானால் எண்ணிக்கை குறையும்போது அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்ய வேண்டுமே? மிஞ்சியவற்றுக்கு உணவு தாராளம், நோய் பரவுவதும் குறைவு, பெருகிவிட வேண்டியதுதானே? வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருந்த பயணிப் புறா ஒன்றுகூட மிஞ்சாமல் போனது எப்படி? இதுவரை வாழ்ந்த இனங்களில் 99 சதவீதம் அழிந்தவைதான், இதுவும் இயற்கைதான் என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மின்மினி:
இயற்கையின் தடை பதமாக வந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அவசர உணவுக்காக 29 ரெயின்டீர் மான்களை அங்கே விட்டது, போர் முடிந்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் கிடையாது. 1963இல் சுமார் 6,000. குளிர்காலத்தில் அவற்றுக்குப் பாசி போலத் தரையில் படரும் லைக்கன்தான் கதி, அதுவோ மெல்ல வளர்வது, அடியோடு மேய்ந்து தீர்த்துவிட்டன. அடுத்த குளிர்காலம் கடுமையாக இருந்தது. 1966இல் போய் எண்ணியபோது 42 இருந்தன, அதில் ஆண் ஒன்றே ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை.

மரங்கொத்தி:
கரிச்சான், உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொல்கிறவன் அந்த இரையையே நம்பி வாழ வேண்டும். கனடாவில் லிங்க்ஸ் பூனையும் பனிமுயலும் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது பழைய தோல் வியாபாரக் கணக்குகளிலேயே தெரிகிறது. முயல் குறைந்தால் பூனை பட்டினியில் சாகும், பிறகு முயலுக்கு மூச்சு கிடைக்கும். மனிதன் விஷயத்தில் அந்த இணைப்பே அறுந்துவிட்டது. புறா தீர்ந்தால் நாம் பட்டினி கிடக்கப்போவதில்லை, வயலில் தானியம் இருக்கிறது, தொழுவத்தில் மாடு இருக்கிறது. புறாக்கள் எங்கே கூடு கட்டியிருக்கின்றன என்று அன்றைக்குத் தந்தி சொல்லிவிட்டது, கறியை ரயில் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு கூட்டில் ஒரே முட்டை இடும் பறவை, பெருங்கூட்டமாக இருந்தால்தான் குஞ்சுகள் தப்பும், கூட்டம் சிறுத்த பிறகு வேட்டையை நிறுத்தினாலும் மீளுவது கடினம். கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சி சாலையில் செத்தது.

இன்னும் மோசம் என்னவென்றால், அரிதாக அரிதாக விலை ஏறுகிறது. கிரேட் ஆக் என்ற பறக்காத கடற்பறவை அருகிப்போனதும் சேகரிப்பாளர்கள் தோலுக்கும் முட்டைக்கும் போட்டி போட்டார்கள், ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே தீவில் 1844இல் கொன்ற ஜோடிதான் உறுதியாகத் தெரிந்த கடைசி ஜோடி. இயற்கையில் எண்ணிக்கை குறையும்போது அழுத்தம் தளரும், இங்கே இறுகுகிறது. நாம் தீவுகளுக்குக் கொண்டுபோன எலியும் பூனையும் பாம்பும் இதே வகைதான். குவாம் தீவில் பழுப்பு மரப்பாம்பு காட்டுப் பறவைகளைத் தின்று தீர்த்தபோதும் பட்டினி கிடக்கவில்லை, பல்லியும் எலியும் இருந்தன.

நண்பரின் 99 சதவீதம் உண்மைதான், ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது. பத்து லட்சம் இனங்களுக்கு ஆண்டுக்கு ஒன்று இயற்கையாக அழியும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், இன்றைய சுமார் 10,000 பறவை இனங்களில் 500 ஆண்டுக்கு ஐந்து போயிருக்க வேண்டும். 1500க்குப் பிறகு போனவை 150க்கும் மேல். ஸ்டெல்லர் கடற்பசு என்ற பெரிய கடல் பாலூட்டி அறிவியலாளர் கண்ணில் பட்டது 1741இல், 1768க்குள் கதை முடிந்தது.

நீர்க்காகம்:
எல்லாவற்றுக்கும் மக்கள்தொகையே காரணம் என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். நியூசிலாந்தில் மோவா என்ற பறக்காத பறவைகளை ஒழித்தபோது அங்கிருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்கிறது ஒரு மதிப்பீடு. மனிதர் போய்ச் சேர்ந்தது 1300 வாக்கில், இருநூறு ஆண்டு தாண்டுவதற்குள் ஒன்பது இனமும் இல்லை. மோவா முழு வளர்ச்சி அடையவே பல ஆண்டு பிடிக்கும். மெதுவாகப் பெருகும் விலங்குக்கு வேட்டையாடுவோர் சிலரே போதும்.

கரிச்சான்:
நன்றி, குறிப்பாக அந்தப் பத்து லட்சக் கணக்குக்கு, அதை அப்படியே நண்பருக்கு அனுப்பிவிட்டேன். ஒரே சந்தேகம், நம் கையை எடுத்துவிட்டால் நான் சொன்ன கணக்கு மறுபடி வேலை செய்யுமா?

மரங்கொத்தி:
செய்யும், கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால். வடக்கு யானைச் சீல் என்ற கடல் விலங்கை எண்ணெய்க்காகக் கொன்று 1890களில் நூறுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், மிச்சம் ஒண்டியிருந்தது மெக்சிகோவின் குவாடலூப் தீவில். 1922இல் மெக்சிகோ பாதுகாப்பு கொடுத்தது, பிறகு அமெரிக்காவும். இன்று ஒரு லட்சத்தைத் தாண்டியாயிற்று. எல்லாம் அந்தக் கையளவு சீல்களின் வாரிசுகள் என்பதால் மரபணு வேறுபாடு மிகக் குறைவு, புதிதாக ஒரு நோய் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது.